நட்டவன் ஒருவன், பலன் மற்றொருவனுக்கா?

தென்னந்தோப்பின் நிழலில் பாக்குக் கன்று வையுங்கள், ஒரே நிலத்தில் இரண்டு வருமானம் பாருங்கள் என்று சேலம், நாமக்கல் ஜில்லா விவசாயிகளுக்குத் தோட்டக்கலை இலாகாவினர் யோசனை சொல்லி வருகிறார்கள். யோசனை நல்ல யோசனைதான். அதை நாம் எதிர்க்கவில்லை. விளைச்சலைப் பெருக்கும் எந்த வழியையும் உழைக்கும் விவசாயி வரவேற்கவே செய்வான். ஆனால் அந்த இரண்டாவது வருமானம் யார் மடியில் போய் விழப் போகிறது? இந்தக் கேள்வி இலாகாவின் துண்டுப் பிரசுரங்களில் எழுவதில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் நம் வீட்டுச் சண்டையைத் தீர்த்துக்கொள்வோம். "இது தோப்பு வைத்திருப்பவன் கவலை. கூலிக்காரனின் கட்சிக்கு இதில் என்ன வேலை?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பழைய கசப்பு காரணம். 1961ஆம் ஆண்டில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, 1959 ஜூலை முதல் தேதி வரையில் பழத்தோட்டமாகவும், தோப்பாகவும், பாக்குத் தோட்டமாகவும் மாற்றப்பட்ட நிலங்களுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு அளித்தார்கள். பாக்குத் தோட்டம் என்று பெயர் சொல்லியே விலக்கு! உபரி நிலம் ஏழைக்கு வரவேண்டிய இடத்தில் மரம் வந்து குறுக்கே நின்றது. பெரிய நிலச் சொந்தக்காரர்களுக்குத் தென்னையும் பாக்கும் கேடயமாயின. இதை அறிந்த தோழர்கள் தோப்பு என்றாலே முகம் சுளிப்பதில் வியப்பில்லை.

ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பாகப்பிரிவினை மேல் பாகப்பிரிவினை நடந்து, வாழப்பாடியிலும் பெத்தநாயக்கன்பாளையத்திலும் நாமகிரிப்பேட்டையிலும் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் தோப்பை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். அவற்றில் பலவற்றில் சொந்தக்காரர் நகரத்தில் இருக்கிறார், குத்தகைக்காரர் தோப்பில் இருக்கிறார். மரம் ஏறுகிறவர், குலை சுமக்கிறவர், பாக்கு உரிக்கும் பெண்கள், மட்டை பொறுக்குகிறவர்கள் என்று ஒவ்வொரு தோப்பையும் சுற்றி நிலமில்லாத பத்துப் பேரின் அடுப்பு எரிகிறது. தமிழகத்தில் பாக்கு மிகுதியாக விளையும் ஜில்லாக்களில் சேலம் முன்னணியில் நிற்கிறது. இந்த மக்களின் பிரச்னை நம்முடைய பிரச்னை இல்லையென்றால் வேறு எது நம்முடையது? இதைப் பேசுவதில் நாம்தான் காலம் தாழ்த்திவிட்டோம்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

தென்னையை 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் வைப்பது வழக்கம். ஏக்கருக்கு ஏறத்தாழ 70 மரம் வரும். வளர்ந்த தென்னையின் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்று காசர்கோட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்னார்கள். (1916இல் தென்னை ஆராய்ச்சிப் பண்ணையாகத் தொடங்கிய அந்த நிலையம்தான் இன்றைய மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம்.) கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மரத்துக்கு விடப்பட்ட நிலத்தில் நூற்றுக்கு 22 பங்கைத்தான் அதன் வேர் உண்மையில் ஆள்கிறது. மீதி நிலம் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கும் அந்த நிலத்துக்கும் சேர்த்துத்தான் குத்தகைக்காரன் பணம் கட்டுகிறான் என்பதை நினைவில் வையுங்கள்.

பாக்குக் கன்றுக்கு இளமையில் வெயில் ஆகாது. மேற்கு வெயில் பட்டால் தண்டு காந்திப்போகும். அதனால்தான் நம் பெரியவர்கள் வெட்டவெளியில் பாக்கு வைத்தால் கூடவே வாழையும் வைத்தார்கள். தென்னை அந்த நிழலைக் காசில்லாமல் கொடுக்கிறது. இரண்டு தென்னை வரிசைக்கு நடுவில் ஒரே வரிசையாக, 9 அடிக்கு ஒரு கன்று வீதம் வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 180 பாக்கு நிற்கும். பாக்கை மட்டுமே தனியாக வைத்தால் ஏக்கருக்கு 540 வரை வைக்கலாம். அதில் மூன்றில் ஒரு பங்கு பாக்கு, ஒரு தென்னையைக்கூட வெட்டாமல் கிடைக்கிறது என்றால் சிறிய லாபமா?

ஆனால் எல்லாத் தோப்புக்கும் இது பொருந்தாது. தென்னைக்கு எட்டு வயது முதல் இருபத்தைந்து வயது வரையில் ஓலை தாழ்ந்து நெருங்கி நிற்கும். அப்போது நிழல் கனத்தது. கீழே வைக்கும் கன்று வெளிச்சத்துக்கு ஏங்கி நெட்டையாக ஒல்லியாகப் போகும். இருபத்தைந்து வயதைத் தாண்டி மரம் உயர்ந்த பிறகுதான் ஓலைகளின் ஊடாக வெயில் இறங்கி வரும். அதுதான் கன்று வைக்கத் தக்க தருணம். மரம் மிகவும் முதிர்ந்து காய் குறைந்துவிட்ட தோப்பில் பாக்குக்குப் பதிலாகத் தென்னங்கன்றையே அடியில் வைத்து, அது தலையெடுத்த பிறகு கிழட்டு மரத்தைக் கழிக்கலாம். அப்படிச் செய்தால் வருமானம் ஒரு வருஷம்கூட முற்றாக நிற்காது. இதை அறியாமல் பதினைந்து வயதுத் தோப்பில் கன்றை வைத்துவிட்டு, "சர்க்கார் ஏமாற்றிவிட்டது" என்று சொன்ன ஒருவரையும் நாம் பார்த்தோம். சர்க்கார் ஏமாற்றவில்லை. எந்த வயதுத் தோப்பு என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய அதிகாரி தோப்பை நேரில் வந்து பார்க்கவில்லை என்பதே அவர் புகாரில் உள்ள நியாயம்.

தண்ணீர் யார் கொடுப்பது?

இரண்டாவது பயிர் இரண்டாவது தொண்டையும் கூட என்பதை மறந்துவிடக் கூடாது. சொட்டு நீர்ப் பாசனத்தில் தென்னை ஒன்றுக்கு நாளைக்கு 65 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 70 மரத்துக்கு 4,550 லிட்டர். பாக்கு ஒன்றுக்கு 16 லிட்டர் என்றால் 180 மரத்துக்கு 2,880 லிட்டர். ஆகக்கூடி 7,430 லிட்டர். அதாவது நேற்று வரையில் ஊற்றியதைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இனி ஊற்ற வேண்டும். பாக்கு தென்னையைப் போலப் பொறுமைசாலி அல்ல. கோடையில் சில நாள் தண்ணீர் காட்டாவிட்டால் மட்டை தொங்கும், அடுத்த பருவத்துக் குலை சிறுக்கும்.

ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் பகுதிகளில் நிலத்தடி நீரை ஊறுவதைவிட அதிகமாக எடுத்துவிட்டோம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கே சொல்கிறது. வசிஷ்ட நதியில் தண்ணீர் ஓடும் நாட்களை விட மணல் தெரியும் நாட்கள்தான் அதிகம். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தை விட 62 சதவிகிதம் குறைந்தது. அதற்கடுத்த கோடையை இந்தப் பகுதி மக்கள் மறக்கவில்லை. கொண்டை முறிந்து நின்ற தென்னைகளையும் தீய்ந்துபோன பாக்குகளையும் நாம் கண்ணால் பார்த்தோம். வசதியுள்ளவர் ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டுத் தப்பினார். ஒரு ஏக்கர்க்காரர் நகையை வைத்துப் போர் போட்டார், புகைதான் வந்தது. மரமும் போயிற்று, நகையும் போயிற்று.

தென்னைக்கு 2009இல் ஒரு காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தார்கள். நான்கு முதல் பதினைந்து வயது வரையுள்ள மரத்துக்கு 900 ரூபாய், பதினாறு முதல் அறுபது வயது வரையுள்ள மரத்துக்கு 1,750 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஒரு தலைமுறை காய்க்க வேண்டிய மரத்தின் விலை இவ்வளவுதானாம்! இருக்கட்டும், அதுவாவது தென்னைக்கு இருந்தது. அதன் நிழலில் நிற்கும் பாக்குக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. இரண்டு பயிர் வையுங்கள் என்று சொல்கிறவர்கள் இரண்டு பயிருக்கும் பொறுப்பேற்க வேண்டாமா?

சிறு விவசாயிக்குச் சொட்டு நீர்க் கருவிகளுக்கு நூற்றுக்கு நூறு மானியம் உண்டு என்கிறார்கள். நல்ல ஏற்பாடு, இயன்ற தோழர்கள் எல்லோரும் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த மானியத்துக்குப் பட்டா கேட்கிறார்கள், அடங்கல் கேட்கிறார்கள். வாய்ச்சொல்லில் குத்தகை பிடித்தவன் எந்தக் காகிதத்தை நீட்டுவான்?

காவிரிக் கரையில் கதை வேறு. ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜவாய்க்கால் பாசனத்தில் பரமத்திவேலூரிலிருந்து மோகனூர் வரையில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் தென்னையும் உண்டு. அங்கே தோப்புக்குள் இரண்டாவது பயிர் வைக்க ஆற்றுத் தண்ணீர் துணை நிற்கிறது. கிணற்றை நம்பும் ஆத்தூருக்கும் வாய்க்காலை நம்பும் வேலூருக்கும் ஒரே துண்டுப் பிரசுரத்தை நீட்டினால் எப்படி?

இன்னொன்றையும் சொல்லி வைக்கிறோம். 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு தஞ்சையில் தலைகாட்டிய தென்னை வாடல் நோயை, அதாவது அடித்தண்டழுகலை, விவசாயிகள் அறிவார்கள். அந்தப் பூஞ்சாணக் குடும்பம் பாக்கையும் தாக்கும். நோய் கண்ட தென்னையின் பக்கத்தில் பாக்குக் கன்று வைப்பது எரியும் கூரைக்கு அருகில் வைக்கோற்போர் போடுவதற்குச் சமம். நோய் மரத்தை வேரோடு எடுத்து, குழியை ஆறவிட்டு, வேப்பம் பிண்ணாக்கு இட்டு, அதன் பிறகே கன்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மண் என்னுடையதுதானே?

இவையெல்லாம் தொழில் சம்பந்தமானவை; அறிவாலும் கவனத்தாலும் சமாளிக்கக் கூடியவை. அறிவால் மட்டும் சமாளிக்க முடியாத ஒன்று இருக்கிறது.

இராசிபுரம் தாலுகாவில் நமக்குத் தெரிந்த குத்தகை விவசாயி ஒருவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பை வாய்ப்பேச்சுக் குத்தகைக்குப் பிடித்துப் பல வருஷமாகப் பார்த்து வந்தார். முப்பது வயது தாண்டிய தோப்பு. சொந்தக்காரரின் சம்மதத்தோடு 350 பாக்கு நாற்று வாங்கி வைத்தார். குழி தோண்டியது அவரும் அவர் மனைவியும். மோட்டார் ஓடாத நாட்களில் குடத்தில் சுமந்து ஊற்றினார்கள். கன்று ஆளுயரம் ஆகும் வரையில் ஆடு மாடு அண்டாமல் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டார்கள். பாக்கு காய்க்க ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். அந்த வருஷங்களில் பாக்கிலிருந்து ஒரு காசு வரவில்லை. தென்னைக் குத்தகை மட்டும் தவறாமல் போயிற்று. ஆறாவது வருஷம் பாளை வெடித்தது. அந்த வருஷமே, "இனித் தோப்பை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"நான் வெச்ச மரமுங்கன்னு சொன்னேன் தோழரே. 'மரம் நீ வெச்சதுதாம்ப்பா, மண்ணு என்னுதுதானே'ன்னு கேக்கறாருங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்றதுங்க?" என்று அவர் நம்மிடம் கேட்டார்.

அவருக்குச் சட்டத்தில் பதில் இருந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில், இதே சென்னை ராஜதானியில், வேறொரு ஜில்லாவில் அந்தப் பதில் இருந்தது. மலபாரில் குழி தோண்டி மரம் வைக்கும் குத்தகைக்குக் குழிக்காணம் என்று பெயர். தென்னையும் பாக்கும் பலாவும் வைத்து நிலத்தை வளப்படுத்திய குடியானவனை ஜன்மி கைவீசி வெளியேற்றியபோது கலகங்கள் மூண்டன. அந்தக் கொதிப்புக்குப் பயந்துதான் வெள்ளைக்காரச் சர்க்கார் 1887இல் மலபார் குத்தகைதாரர் அபிவிருத்தி நஷ்டஈட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குடியானவனை வெளியேற்ற வேண்டுமானால் அவன் வைத்த மரங்களுக்கு விலை கொடுத்துவிட்டு வெளியேற்று என்றது அந்தச் சட்டம். அதன் ஓட்டைகளை அடைக்க 1900இல் மறுபடியும் ஒரு சட்டம் போட்டார்கள். ஜன்மிகள் அதையும் ஏய்த்தார்கள் என்பது உண்மை. முழு விடுதலைக்கு, 1970 ஜனவரியில் கேரளத்தில் குத்தகை முறையே ஒழிக்கப்படும் வரையில் போராட வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆனாலும், நட்டவனுக்கு நட்ட மரத்தில் உரிமை உண்டு என்ற நியாயத்தை நூற்று முப்பது வருஷத்துக்கு முன்பே, அந்நிய ஏகாதிபத்தியமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சுதந்திர நாட்டில் சேலத்துக் குத்தகைக்காரன் அதைக் கேட்டால் மட்டும் சிரிக்கிறார்கள்.

நம் மாநிலத்தில் 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் ஏறினால் அல்லவா பாதுகாப்பு? பெயரை ஏற்றச் சொன்ன மறுநாளே குத்தகை போய்விடும் என்ற பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. ஊரில் பாதிக் குத்தகை வாய்ப்பேச்சு. எழுதினாலும் பதினொரு மாதத்துக்கு மேல் எழுதுவதில்லை. பதினொரு மாதக் குத்தகைக்காரன் ஏழாவது வருஷம் காய்க்கும் மரத்தை எந்த நம்பிக்கையில் வைப்பான்? நட விரும்பும் குத்தகைக்காரனைச் சொந்தக்காரர் தடுப்பதும் உண்டு. மரம் வைத்தால் மண்ணில் உரிமை வந்துவிடும் என்று அவருக்குப் பயம். ஆக, நிலம் சும்மா கிடப்பதற்குக் காரணம் விவசாயியின் அறியாமை அல்ல, நிலவுடைமை முறை. இலாகாவின் யோசனை வயலுக்கு வராமல் போவதும் இந்த இடத்தில்தான்.

சொந்த நிலத்தில் ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கும் இதே ஏழு வருஷம்தான் முட்டுக்கட்டை. கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் ஒரு வருஷத்துப் பயிருக்கு ஏற்றது. பாக்கு காய்க்கும் வரையில் தவணை கேட்காத நீண்டகாலக் கடனை நாடினால், அடமானம், ஜாமீன், மதிப்பீடு என்று அலைய வைக்கிறார்கள். அலைந்து சலித்தவர் கடைசியில் பாக்கு வியாபாரியிடமே முன்பணம் வாங்குகிறார். அந்தக் கணமே விளையப்போகும் பாக்கின் விலை முடிவாகிவிடுகிறது.

உரிக்கும் கைகள்

வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்தில் பாக்குப் பருவத்தில் போய்ப் பாருங்கள். வியாபாரி தோட்டத்தைக் காயோடு மொத்தமாகப் பேசிக் குத்தகை எடுத்துக்கொள்கிறார். ஏறுகிறவர் காலில் தளை மாட்டி ஒரு மரத்தில் ஏறினால் கீழே இறங்குவதில்லை. உச்சியிலிருந்தே மரத்தை வளைத்து அடுத்த மரத்துக்குத் தாவிவிடுகிறார். பார்க்கிறவனுக்கு வயிறு கலங்கும். தவறி விழுந்தால் அந்தக் குடும்பம் தெருவில். தென்னை ஏறுவோருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் விபத்துக் காப்பீடு இருப்பது போலப் பாக்கு ஏறுவோருக்கும் வேண்டும் என்று கேட்பதில் என்ன பிழை?

பறித்த குலைகள் களத்துக்கு வருகின்றன. இருட்டிலேயே பெண்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கத்தியால் தோலைக் கீறிக் கொட்டையை எடுக்க வேண்டும். உரித்த பாக்கின் எடைக்குக் கூலி. எடை போடுகிறவர் வியாபாரியின் ஆள். உரித்ததைப் பெரிய அண்டாவில் வேகவைத்து, வெயிலில் காயவைத்து, தரம் பிரித்து, மூட்டை கட்டி வடக்கே அனுப்புகிறார்கள். பச்சைக் காயின் விலைக்கும் காய்ந்த பாக்கின் விலைக்கும் நடுவில் நிற்பது இந்தப் பெண்களின் உழைப்பும் வியாபாரியின் முதலும்தான். அந்த விலை வித்தியாசத்தில் உழைப்புக்கு எவ்வளவு, முதலுக்கு எவ்வளவு என்று யாராவது கணக்குக் காட்டியதுண்டா? உரித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி நம்மிடம் கைவிரல்களை விரித்துக் காட்டினார். நகக்கண்ணெல்லாம் கருத்திருந்தது. "கறை சோத்துல கூட ஒட்டுது கண்ணு. காசுதான் கையில ஒட்ட மாட்டேங்குது" என்றார்.

தோப்புக்குத் தோப்பு பாக்கு பெருகினால் உரிக்கும் வேலையும் பெருகும். அது நல்லது. ஆனால் கிலோவுக்கு இவ்வளவு என்று சர்க்கார் கூலி நிர்ணயிக்காமல், நியாயமான எடை இல்லாமல், வேலை பெருகினால் வறுமையும் கூடவே பெருகும். இயந்திரம் வந்து உரிக்கத் தொடங்கியிருக்கிறது என்பதையும் நாம் மறைக்கவில்லை. இயந்திரத்தை உடைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது வியாபாரியின் களத்தில் வருவதற்கு முன் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு வரட்டும் என்கிறோம்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாக்கு விலை வாழப்பாடியில் முடிவாவதில்லை. 2000ஆம் ஆண்டில் இலங்கையோடும், 2010இல் ஆசியான் நாடுகளோடும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்கள் அமலுக்கு வந்த பிறகு, வெளிப் பாக்கு மலிவாக வந்து இறங்குகிறது என்ற கூக்குரல் கர்நாடகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஓயாமல் எழுந்தது. அதன் விளைவாக 2023 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் குறைந்தபட்ச இறக்குமதி விலையைக் கிலோவுக்கு 251 ரூபாயிலிருந்து 351 ரூபாயாக உயர்த்தியது. அதற்கு ஐந்து மாதம் முன்புதான், 2022 செப்டம்பரில், பூடானிலிருந்து வருஷத்துக்கு 17,000 டன் பச்சைப் பாக்கை அந்த விலைக் கட்டுப்பாடில்லாமல் வரவிட்டது. ஒரு கதவைச் சாத்தி மறு கதவைத் திறக்கும் வித்தை இது! பூடான் விவசாயியும் நம்மைப் போன்ற ஏழைதான். அவர் மீது நமக்குப் பகையில்லை. இங்கே விவசாயிக்கு அடிப்படை விலை என்று ஒன்று இல்லாததே நம் புகார். அரவைக் கொப்பரைக்காவது 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் குவிண்டாலுக்கு 11,582 ரூபாய் என்று ஆதரவு விலை அறிவித்தார்கள். பாக்குக்கு அதுவும் கிடையாது.

உண்மையை மறைத்து விவசாயிக்கு நல்லது செய்ய முடியாது. பாக்கு மெல்லுவது புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் தெளிவாக வெளியிட்டது. வடக்கே நம் பாக்கை வாங்கிப் பொட்டலமாக்கி இளைஞர் வாயில் திணித்துக் கோடி சேர்க்கும் பான் மசாலா முதலாளிகளை நாம் ஆதரிக்க முடியாது. அந்தக் கம்பெனிகள் மீது ஒருநாள் தடை இறுகினால், அவர்கள் வேறு வியாபாரத்துக்குப் போய்விடுவார்கள். ஏக்கருக்கு 180 மரம் வைத்தவன்தான் நடுத்தெருவில் நிற்பான். மட்டையாவது கைகொடுக்கும் என்று நினைத்தோம். 2019 ஜனவரியில் தமிழகத்தில் பிளாஸ்டிக் தட்டுகளுக்குத் தடை வந்தபோது பாக்குமட்டைத் தட்டுக்குக் கிராக்கி வந்தது, கிராமத்தில் சிறு பட்டறைகள் முளைத்தன. 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாக்குமட்டைத் தட்டுகளின் இறக்குமதிக்கு எதிராக எச்சரிக்கை விடுத்ததும், ஏற்றுமதியை நம்பிய பட்டறைகளுக்கு இடி விழுந்தது. ஆகவே தென்னையடியில் முழுக்க முழுக்கப் பாக்கையே நம்ப வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். பாதியளவு பாக்கு வையுங்கள். தென்னையிலோ பாக்கிலோ மிளகுக் கொடி ஏற்றுங்கள். தண்ணீர் உள்ள இடத்தில் வாழையும் தீவனப் புல்லும் வையுங்கள். கொக்கோவும் நிழலில் வரும். ஆனால் வாங்குகிறவர் ஓரிருவரே என்பதால் முதலில் விலையைப் பேசிவிட்டு நடுங்கள்.

விவசாயி தனித்தனியாக நின்றால் வியாபாரி சொன்னதே விலை. கர்நாடகத்துச் சிர்சியில் 1923லேயே பாக்கு விவசாயிகள் கூட்டுறவு விற்பனைச் சங்கம் கண்டார்கள். பாக்கு விலை சரிந்து விவசாயிகள் தத்தளித்ததற்குப் பிறகு, 1973இல் கர்நாடக, கேரளச் சர்க்கார்களின் துணையோடு மங்களூரில் கேம்ப்கோ பிறந்தது. அது சந்தையில் இறங்கி வாங்குவதால் அங்கே வியாபாரி நினைத்தபடி விலையை இறக்க முடிவதில்லை. சேலத்தில் என்ன கண்டோம்? 1981இல் சேகோசர்வ் வந்தது. ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் சங்கம் அது, குச்சிக்கிழங்கு போட்டவனின் சங்கமல்ல. பாக்கிலும் அதே கதை நடந்துவிடக் கூடாது. பரமத்திவேலூரில் தேங்காய்ப் பருப்பு ஏலம் வாராவாரம் நடப்பது போல, பாக்கு விளையும் ஒவ்வொரு தாலுகாவிலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பகிரங்க ஏலம் வேண்டும். வேகவைக்க, உலர்த்த, இருப்பு வைக்கச் சங்கத்துக்குக் களமும் கிடங்கும் வேண்டும்.

குத்தகைக்காரன் நட்ட ஒவ்வொரு மரத்தையும் கிராம நிர்வாக அலுவலர் தோப்பில் நேரில் எண்ணி அடங்கலில் அவன் பெயரில் குறிக்க வேண்டும். அவனை வெளியேற்ற வேண்டுமானால் மரத்தின் வயதுக்கும் காய்ப்புக்கும் ஏற்ற நஷ்டஈட்டைக் கையில் கொடுத்த பிறகே வெளியேற்றலாம் என்று மாநிலச் சட்டம் திருத்தப்பட வேண்டும். முதல் காய்ப்பு வரையில் தவணையில்லாத கடன், பட்டா இல்லாதவனுக்கும் சொட்டு நீர் மானியம், பாக்குக்கும் காப்பீடு, உரிக்கும் பெண்களுக்குக் கிலோக் கூலி நிர்ணயம், இவை இதோடு சேர்ந்த கோரிக்கைகள். சட்டத் திருத்தம் ஒன்றை மட்டும் தள்ளிப்போட முடியாது. ஏனென்றால் இந்தப் பருவத்திலும் யாரோ ஒருவர் பிறர் தோப்பில் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்.

கன்று நடும் காலம் தொடங்கும் முன் விவசாயிகள் சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் சேர்ந்தே தோப்புகளுக்குப் போக வேண்டும், தனித்தனியாக அல்ல. குத்தகைக்கு இருப்பவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை ஏக்கர், தென்னைக்கு என்ன வயது, யார் செலவில் எந்த வருஷம் எத்தனை கன்று வைத்தார், எழுத்து இருக்கிறதா, வெளியேற்றப்பட்டவர் என்றால் ஏதாவது கொடுத்தார்களா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். களங்களில் கிலோவுக்கு என்ன கூலி, எடைக்கல் யாருடையது என்பதையும் எழுதுங்கள். இரண்டு ஜில்லாக்களின் கணக்கும் சேர்ந்தால் கலெக்டர்களிடம் வெறும் கையோடு போக வேண்டியதில்லை. நோட்டுகளை நம் அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். கேட்டுக்கொண்டவர்களின் பெயரை வெளியிட மாட்டோம்.